பக்கத்து மெஷின்காரர் சம்பளத்தைக் கேட்கலாமா?

6 ஜூன் 2024 (வாசகர் கேள்வி)

கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் சி.என்.சி. (கணினி புரோகிராமில் ஓடும் மெஷின்) ஆபரேட்டராக இருக்கிறேன். ஐந்து வருட அனுபவம். எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவருக்கு என்னைவிட மாதம் 2,500 ரூபாய் அதிகம் என்று போன வாரம் அவரே பேச்சுவாக்கில் சொன்னார். அன்றிலிருந்து மெஷின் முன்னால் நின்றால் வேலையில் மனசு ஓடவில்லை. அவரிடம் முன்போலப் பேசவும் முடியவில்லை. அடுத்தவர் சம்பளத்தைத் தெரிந்துகொள்வது தொழிலாளிக்கு நல்லதா, இல்லை வீண் வெசனத்தை விலை கொடுத்து வாங்குவதா?

9 ஜூன் 2024

கேட்கலாம் தம்பி. கேட்கத்தான் வேண்டும். அதை முதலில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நான் கைமடியாக (டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் உதவியாள்) தொடங்கி, துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் டைலராக இருந்து, அப்புறம் பல வருடம் சம்பளக் கணக்கு எழுதியவன். சனிக்கிழமை சாயங்காலம் பணத்தைக் கவரில் போட்டு, மேலே பெயரையும் எத்தனை ஷிப்ட் என்பதையும் எழுதிக் கொடுப்பேன். ஒரு கம்பெனியில் முதலாளி ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார்: "ஒருத்தர் கவர இன்னொருத்தர் பாக்கக் கூடாதுங்க." கவரை ஒட்டித்தான் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் எதிர்ப்பக்கம் இருந்த பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே எல்லோரும் எல்லோர் தொகையையும் தெரிந்துகொண்டார்கள். தொகையை யாராலும் மறைக்க முடிந்ததில்லை. மறைந்தே கிடந்தது அந்தத் தொகைக்கான காரணம்.

அங்கே பக்கத்துப் பக்கத்து ஓவர்லாக் மெஷினில் இரண்டு பேர். ஒருவருக்கு ஷிப்டுக்கு 20 ரூபாய் கூடுதல். கையோட்டத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கூடுதல் வாங்கியவர், சீசன் நேரத்தில் ஆர்டர் கழுத்தை நெரித்தபோது வேறு கம்பெனியிலிருந்து கூப்பிட்டு வரப்பட்டவர். அன்றைக்கு வெளியில் என்ன ரேட் ஓடியதோ அதைக் கொடுத்து எடுத்தார்கள். இன்னொருவர் அதே கம்பெனியில் ஹெல்பராக வந்து மெஷினில் உட்கார்ந்தவர். அவருடைய ரேட் பழைய ரேட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தது. வெளியிலிருந்து வந்தவருக்குச் சந்தை ரேட், உள்ளேயே வளர்ந்தவருக்கு அவர் வந்த நாளின் ரேட். திருப்பூரில் பாதி வித்தியாசம் இப்படித்தான் உண்டாகிறது.

குறைவாக வாங்கியவர் எதுவும் கேட்கவில்லை. பேச்சு நின்றது. டேமேஜ் பீஸ் கூடியது. திங்கட்கிழமை தாமதமாக வர ஆரம்பித்தார். தீபாவளிக்கு முன்பே கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். தன் தையலை முதலாளி மட்டமாக நினைக்கிறார் என்றே கடைசிவரை நம்பினார். உண்மைக் காரணம் நோட்டில் இருந்தது. அதை வெளியில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

உங்கள் விஷயத்திலும் 2,500 ரூபாய் உங்கள் வேலைக்குப் போட்ட மார்க்காக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் என்ன ரேட்டில் சேர்ந்தீர்கள், இன்றைக்கு இதே வேலைக்குப் புது ஆளை என்ன ரேட்டில் எடுக்கிறார்கள் என்ற இரண்டையும் விசாரியுங்கள். பக்கத்து மெஷின்காரரோடு முகத்தைத் திருப்பாதீர்கள். அவர் சொல்லாவிட்டால் உங்களுக்கு இன்னும் ஐந்து வருடம் தெரிந்திருக்காது.

9 ஜூன் 2024, இரவு

பீஸ் ரேட்டைப் பற்றி, அதாவது ஷிப்டுக்கு இல்லாமல் தைத்த பீஸ் கணக்குக்குக் கொடுக்கும் கூலியைப் பற்றி, ஒரு சேர்க்கை. பீஸ் ரேட் நடக்கும் இடங்களில் ஒருவர் வாரத்துக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாக வாங்கினாலும் அவர்மீது மற்றவர்களுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. கட்டி வைத்த பண்டல் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருக்கும். சண்டை வரும், ஆனால் அது வேறு சண்டை: சுலபமான தையல் வேலையை யாருக்குக் கொடுத்தார், கழுத்து ரிப் வைக்கிற வேலையை யார் தலையில் கட்டினார் என்று சூப்பர்வைசரோடு.

12 ஜூன் 2024

"ஒப்பிட்டால் நிம்மதி போகும், படித்தவர்களே ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்கிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது கலிபோர்னியா ஆராய்ச்சியாக இருக்க வேண்டும். 2008-ல் அங்கே ஒரு பத்திரிகை, அரசு ஊழியர் சம்பளம் முழுவதையும் பெயரோடு இணையத்தில் போட்டது. கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களும் அதில் உண்டு. பொருளாதார ஆய்வாளர்கள் சில ஊழியர்களுக்கு மட்டும் "இப்படி ஒரு தளம் இருக்கிறது" என்று மின்னஞ்சல் அனுப்பி, சில நாள் கழித்து எல்லோரிடமும் வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். தன் துறையில் நடுச் சம்பளத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு மனக்குறை கூடியது. வேறு வேலை தேடும் எண்ணமும் கூடியது. மேலே இருந்தவர்களுக்குக் கூடுதல் சந்தோஷம் எதுவும் வரவில்லை. 2012-ல் இது கட்டுரையாக வந்தது.

இதிலிருந்து "தெரிந்துகொள்ளாதே" என்று முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியாது. குறைவாக வாங்குகிறவர் வேறு வேலை தேடுவது நோயா? அவருக்கு அதுதானே வழி.

எனக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது ஒடிசாவில் நடந்த சோதனை. 2018-ல் வெளியான கட்டுரை. தினக்கூலிக்காரர்கள் 378 பேரை மூன்று மூன்று பேராகப் பிரித்து, கயிறு, துடைப்பம், ஊதுபத்தி மாதிரிப் பொருட்களைச் செய்யும் வேலையை ஒரு மாதம் கொடுத்தார்கள். சில குழுக்களில் மூவருக்கும் ஒரே கூலி. சில குழுக்களில் ஆளுக்கு ஒரு கூலி, சிறிய வித்தியாசம்தான். பக்கத்தில் இருப்பவரைவிடக் குறைவாக வாங்குகிறோம் என்று தெரிந்தவர்கள் குறைவாகச் செய்தார்கள். தினக்கூலி போனாலும் பரவாயில்லை என்று வேலைக்கே வராமல் நின்றார்கள். அதிகம் வாங்கியவர்கள் அதற்காகக் கூடுதலாக உழைக்கவும் இல்லை. ஆனால் யார் எவ்வளவு செய்கிறார் என்று கண்ணால் எண்ணிப் பார்க்க முடிகிற பொருட்களில் இந்தப் பாதிப்பு இல்லை. கூலி வேறு வேறாக இருந்தும் வேலை ஒழுங்காக நடந்தது.

இதைப் படித்தபோது எங்கள் பண்டல்தான் ஞாபகம் வந்தது. இன்றைக்குத் திருப்பூரில் ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் இல்லாத லைனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஊர் வேறு, மொழி வேறு. ஆனால் காரணம் தெரியாத வித்தியாசம் அவர்கள் உடம்பையும் அதே மாதிரிதான் நிறுத்துகிறது.

13 ஜூன் 2024

இருபது ரூபாய்க்கு ஒருவர் வேலையை விடுவாரா என்று கேள்வி. விடுவார். அடுத்த தெருவிலேயே "ஓவர்லாக், பேட்லாக் டைலர்கள் உடனடித் தேவை" என்று போர்டு தொங்கும் (பேட்லாக் இன்னொரு வகைத் தையல் மெஷின்). அந்தப் போர்டில் எல்லாம் இருக்கும், ரேட் மட்டும் இருக்காது. போன் பண்ணினால் "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்பார்கள். எந்தத் தெருவில் என்ன ரேட் ஓடுகிறது என்ற தகவல் ஒரு டைலருக்கு அவருடைய கத்தரியைப் போலத் தொழில் சாமான். அதைக் கையில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

23 ஜூன் 2024

பல்லடத்திலிருந்து ஒரு தறிக்காரர் எழுதியிருக்கிறார்: "சோமனூருக்கு ஒரு ரேட், எங்களுக்கு ஒரு ரேட்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்சு என்னங்க பிரயோஜனம்?"

நியாயமான கேள்வி. விசைத்தறியில் கூலியை யாரும் கவரில் ஒட்டித் தருவதில்லை. பாவு நூல் கொடுக்கும் ஜவுளி உற்பத்தியாளரும், கூலிக்கு ஓட்டிக் கொடுக்கும் தறிக்காரரும் அதிகாரிகள் முன்னிலையில் உட்கார்ந்து பேசி, முடிவு பேப்பரில் வருகிறது. 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் உயர்வு என்று அறிவித்தார்கள். பிறகு, பேசிய கூலி கைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. இதில் பல்லடத்துக்காரர் சோமனூர்க்காரர்மீது கோபப்பட்டு வீட்டில் உட்காரவில்லை. இரண்டு ஊரும் சேர்ந்தே தறியை நிறுத்தின. அங்கே ஒப்பீடு நடந்தது காகிதத்தில் இருக்கிற கூலிக்கும் கையில் வாங்குகிற கூலிக்கும் நடுவில். அந்த ஒப்பீட்டுக்கு இருக்கும் பலம் இரண்டு ஆட்களை ஒப்பிடுவதில் வராது.

பனியன் தொழிலிலும் அப்படித்தான். முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் போடும் கூலி ஒப்பந்தத்தில் கட்டிங், டைலர், அயர்ன், பேக்கிங், செக்கிங், கைமடி என்று ஒவ்வொரு வேலைக்கும் ஷிப்ட் ரேட் தனியாக எழுதப்படுகிறது. 2021 ஒப்பந்தம் நான்கு வருடத்தில் 32 சதவீதம், அதில் முதல் வருடம் மட்டும் 19. இந்த விவரம் தெரிந்த கைமடிப் பெண் எத்தனை பேர்? நான் பார்த்த வரையில் மிகச் சிலர். பக்கத்து ஆளின் கவர் தெரியும், தனக்கென்று எழுதி வைத்த ரேட் தெரியாது. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தது 1948-ல். ஊதிய விகிதத்தை வேலைத்தளத்தில் எழுதி ஒட்ட வேண்டும் என்பது அதிலேயே இருந்தது. ஒட்டுகிறார்கள், ஆபீஸ் ரூமுக்குள் பீரோவுக்குப் பின்னால்.

மனக்குறை கெட்டது என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பின்னால் இருந்ததும் மனக்குறைதான். விலைவாசி ஏறுகிறது, மற்ற ஆலைத் தொழிலாளிக்குப் பஞ்சப்படி கிடைக்கிறது, எங்களுக்கு ஏன் இல்லை என்ற ஒப்பீடு. நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது எனக்கு மெஷின் சொல்லிக் கொடுத்த அண்ணன் அந்த 127 நாளில் வீட்டில் அடுப்பு எரிந்த கதையை ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார். அவர் பேச்சில் பொறாமை என்று எதையும் நான் கேட்டதில்லை.

7 ஜூலை 2024

ரெண்டு வாரமாக என் மனதில் ஓடுவதை எழுதுகிறேன். இது நான் மேலே எழுதியதற்கு இடைஞ்சலான விஷயம்.

வெள்ளகோவில் பக்கம் எங்கள் ஊரில் அம்மா தோட்ட வேலைக்குப் போனார். அங்கே கூலியில் ஒளிவு மறைவே இல்லை. களை வெட்ட ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று ஊர் முழுக்க ஒரே ரேட். சந்தைக்குப் போனால் பக்கத்து ஊர் ரேட்டும் தெரிந்துவிடும். காரணமும் வெளிப்படையாகவே சொல்வார்கள்: "ஆம்பள கூலி, பொம்பள கூலி." தொகை தெரியும், காரணம் தெரியும், ஒப்பிட்டுப் பார்க்க எல்லாம் கையில் இருந்தது. ஆனாலும் அந்த வித்தியாசம் அம்மாவின் காலம் முழுவதும் அப்படியே இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி வேலைக்கு ஒரே ஊதியம் என்ற சட்டம் 1976-லேயே வந்துவிட்டது.

அப்படியானால் வெளிப்படையாக இருந்தால் போதும் என்று சொல்ல முடியாது. காரணம் தெரிந்தால் மனம் அமைதியாகும் என்பது பாதி உண்மை. தப்பான காரணத்தையும் ஐம்பது வருடம் சொல்லிக்கொண்டே இருந்தால் அதுவும் பழகிவிடும். அம்மா ஒருநாள் கூட எங்களிடம் இதைப் பற்றிக் குறைப்பட்டதில்லை. அதை அப்போது நிம்மதி என்று நினைத்தேன். கேட்க ஆள் இல்லாததால் வந்த மௌனம் அது.

கடலைக்காய் பறிக்கும் நாட்களில் மட்டும் கதை மாறும். வள்ளம் என்ற படியில் அளந்துதான் கூலி. பறித்தவர் ஆணா பெண்ணா என்பது வள்ளத்துக்குத் தெரியாது. அந்த நாட்களில் அம்மா இருட்டோடு கிளம்பிவிடுவார். வரும்போது முகமே வேறு மாதிரி இருக்கும்.

அமெரிக்காவில் லில்லி லெட்பெட்டர் என்ற பெண்மணியின் வழக்கு இதற்கு நேர் எதிர். அலபாமாவில் குட்இயர் டயர் ஆலையில் மேற்பார்வையாளர். அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே வேலை பார்த்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286. இது அவருக்குத் தெரிந்ததே, யாரோ பெயர் போடாமல் எழுதி வைத்த ஒரு துண்டுச் சீட்டால். வழக்குப் போட்டார். குறித்த காலத்துக்குள் புகார் செய்யவில்லை என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. தெரியவே விடாமல் வைத்திருந்த ஒன்றை எப்படி நேரத்தில் புகார் செய்வது? அந்தக் கால வரம்பை மாற்றி 2009-ல் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. அவருக்குத் தகவல் கிடைக்கவில்லை. எங்கள் அம்மாவுக்குத் தகவல் கிடைத்தும் எடுத்துக்கொண்டு போக இடம் இல்லை. இரண்டும் வேண்டும்.

8 ஜூலை 2024

"ஆண் கடப்பாரை பிடிக்கிறான், பெண் பிடிப்பதில்லை, கூலி ஒன்றாக எப்படி இருக்கும்?" என்று கேட்டவருக்கு: மஞ்சள் வெட்டும்போது மண்ணைக் கிளறுகிற வேலைக்கு ஒரு ரேட் இருக்கட்டும். நாள் முழுக்கக் குனிந்து கிழங்கு பொறுக்குகிற வேலைக்கு ஒரு ரேட் இருக்கட்டும். வேலைக்கு ரேட் போடுங்கள். களை வெட்டும் வேலையில் ஒரே கொத்து, ஒரே பாத்தி, ஒரே வெயில். அங்கே எதற்கு இரண்டு ரேட்?

4 ஆகஸ்ட் 2024

ஆடி நோம்பிக்கு ஊருக்குப் போய் வந்தேன். ஒரம்பரை (சொந்தக்காரர்கள்) எல்லாம் வந்திருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் யார் மகனுக்கு எவ்வளவு சம்பளம், யார் மாப்பிள்ளை எந்த நாட்டில், யார் புதிதாக இடம் வாங்கினார் என்று எல்லாக் கணக்கும் முடிந்துவிட்டது. என் தங்கை மகன் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். நல்ல வேலைக்காரன். "உனக்கு எவ்வளவு கண்ணு வருது?" என்று பெரியம்மா கேட்டார். அவன் சொன்னான். ஒரு நொடி யாரும் பேசவில்லை. அவன் சாப்பிடாமல் எழுந்து போனான்.

இந்தக் கேள்வி பதிலில் "ஒப்பீடு விஷம்" என்று எழுதுகிற பலரும் இந்தப் பந்தியை நினைத்துத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றுகிறது. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நார்வேயில் ஒவ்வொருவருடைய வருமான வரி விவரமும் பொதுவில் கிடைக்கும். 2001-லிருந்து பத்திரிகைகள் அதை இணையத்தில் தேடிப் பார்க்கும்படி செய்தன. ஊரே பக்கத்து வீட்டுக்காரரையும் சொந்தக்காரரையும் தேடியது. அதற்குப் பிறகு பணக்காரருக்கும் ஏழைக்கும் இடையில் மகிழ்ச்சியில் இருந்த இடைவெளி 29 சதவீதம் கூடியதாக 2020-ல் வந்த ஆய்வு சொல்கிறது. 2014-ல் ஒரு மாற்றம் வந்தது. நீங்கள் யாரைத் தேடினாலும் உங்கள் பெயர் அவருக்குத் தெரியும் என்று செய்தார்கள். தேடுவது சடசடவென்று குறைந்துவிட்டது.

இதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவானது. ஒப்பீட்டில் இரண்டு வகை இருக்கிறது. பதில் சொல்ல ஆள் இருக்கிற ஒப்பீடு ஒன்று. பதில் சொல்ல ஆளே இல்லாத ஒப்பீடு இன்னொன்று. ஒரே கூரைக்கு அடியில், ஒரே முதலாளியிடம், ஒரே வேலை பார்க்கிற இரண்டு பேருக்குள் வித்தியாசம் என்றால் போய்க் கேட்க ஒரு நாற்காலி இருக்கிறது. அவர் பதில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ரேட்டை ஏற்ற வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் ஆளை இழக்க வேண்டும். என் தங்கை மகன் துபாயில் இருக்கும் பெரியம்மா மருமகனோடு ஒப்பிடப்பட்டால் யாரிடம் போய்க் கேட்பான்? அந்த வெசனம் முழுவதும் அவன் தலையிலேயே தங்கிவிடும். அதே பையன் மில்லில் இன்னொரு ஃபிட்டருக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தால் அவன் கையில் ஒரு பிடி இருந்திருக்கும்.

எங்கள் ஊர்ப் பக்கம் வேடிக்கை என்னவென்றால், பந்தியில் கூச்சமில்லாமல் கேட்கிறோம். கேட்க வேண்டிய கம்பெனிக்குள் வாயை மூடிக்கொள்கிறோம். பெண் பார்க்கப் போனால் முதல் கேள்வியே சம்பளம்தான். பேக்கிங் டேபிளில் அதே கேள்வி கேட்டால் மரியாதைக்குறைவு என்கிறோம்.

18 ஆகஸ்ட் 2024

"பதில் சொல்ல ஆள் இருக்கு சரி, அந்த ஆளே கேட்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டால்?" என்று சரவணம்பட்டியில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். என் மகளும் அந்தப் பக்கம்தான் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். சேரும்போது கொடுத்த கடிதத்தை வாங்கிப் படித்தேன். சம்பள விவரம் ரகசியம், சக ஊழியரிடம் சொல்லக் கூடாது என்று ஒரு வரி. "நீ யாருகிட்டயும் கேட்டியா கண்ணு?" என்றேன். "யாரும் பேச மாட்டாங்கப்பா, பயம்" என்றாள். படித்த பிள்ளைகள், ஏசி அறை. எங்கள் பேக்கரியில் இருந்த தைரியம்கூட அங்கே இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அமெரிக்காவில் 1935-லிருந்தே தனியார் கம்பெனித் தொழிலாளிகள் தங்களுக்குள் சம்பளத்தைப் பேசிக்கொள்ளும் உரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேலைக்கு எடுக்கும் முன்பே சம்பள வரம்பைச் சொல்ல வேண்டும், ஒரே மாதிரி வேலைக்குச் சராசரி என்ன என்று தொழிலாளி கேட்டால் பதில் தர வேண்டும். உறுப்பு நாடுகள் இதைச் சட்டமாக்கக் கொடுத்த கெடு 2026 ஜூன் 7. திருப்பூர் சரக்கு வாங்கும் நாடுகள் பல இதில் வருகின்றன. நம் பக்கம் அரசு அலுவலகத்துக்கு இது இருக்கிறது: தகவல் உரிமைச் சட்டம் 2005-ன்படி அலுவலர், ஊழியர் மாதச் சம்பளத்தை அரசு அலுவலகமே வெளியிட வேண்டும். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகள் இயக்குநருடைய ஊதியம் ஊழியரின் நடுச் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்பதை ஆண்டறிக்கையில் போட வேண்டும், 2013 கம்பெனிச் சட்டம். கோவையில் லிஸ்ட் ஆன மில் ஒன்றின் ஆண்டறிக்கையை எடுத்து அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

எதிர்ப்பக்க விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், மறைக்க எனக்கு விருப்பமில்லை. டென்மார்க்கில் 35 பேருக்கு மேல் இருக்கும் கம்பெனிகள் ஆண் பெண் சம்பளக் கணக்கைக் காட்ட வேண்டும் என்று 2006-ல் சட்டம் வந்தது. இடைவெளி கொஞ்சம் குறைந்தது. ஆனால் பெண்களுக்குக் கூட்டிக் கொடுத்ததைவிட, ஆண்களுக்கு உயர்வைக் குறைத்ததால்தான் பெரும்பாலும் குறைந்தது. அமெரிக்காவில் சம்பளத்தைப் பேசலாம் என்று மாநிலங்கள் போட்ட சட்டங்களுக்குப் பிறகு சராசரி ஊதியம் இரண்டு சதவீதம் அளவுக்கு இறங்கியது என்று ஓர் ஆய்வு. காரணம் எனக்கு நன்றாகப் புரிகிறது, முதலாளி வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன்: "உங்களுக்கு ஏத்துனா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க." ஆளுக்கு ஆள் தனியாகப் பேசும் இடத்தில் தகவல் மட்டும் வெளியில் வந்தால் முதலாளி எல்லோருக்கும் ஒரே "இல்லை" சொல்லப் பழகிக்கொள்கிறார். சேர்ந்து பேசும் ஒப்பந்தம் உள்ள இடத்தில் இந்தத் தந்திரம் செல்லாது. பல்லடத்துக்காரர் கேள்விக்கு ஜூனில் சொன்ன பதிலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1 செப்டம்பர் 2024

திருப்பூர் பக்கம் 15 வேலம்பாளையம் என்ற ஊரில் பவர் டேபிள் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறை) நடத்தும் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இது: பத்து மெஷின், கம்பெனி கொடுக்கும் பீஸ் ரேட்டுக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும், நல்ல டைலரைப் பிடித்து வைக்க இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தால் அதை ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறார்கள், மற்ற ஒன்பது பேரும் கேட்கிறார்கள், கொடுக்க வழியில்லை.

அவர் சொல்வது பொய்யில்லை. பவர் டேபிள்காரர் பெயருக்குத்தான் முதலாளி, அவரும் ரேட் கேட்டு நிற்கிறவர்தான். அவருக்கு மேலே இருக்கும் கம்பெனி எந்த ரேட்டில் ஆர்டர் எடுத்தது என்பது அவருக்குத் தெரியாது. அவருக்கு நான் சொல்வது: அந்த இரண்டு ரூபாய் எதற்கு என்று ஒன்பது பேர் முன்னாலும் சொல்லுங்கள். "இவர் நாலு மெஷினும் ஓட்டுவார், லீவு போட்டவர் இடத்தில் உட்காருவார், அதுக்கு இது. நீங்களும் பழகிக்கிட்டா உங்களுக்கும் உண்டு." சொல்லக் கூசுகிற காரணமாக இருந்தால், அந்த இரண்டு ரூபாயைக் கொடுக்காமலே இருக்கலாம். ஒரு டேபிளில் இப்படிப் பேசிச் செய்ததை நான் கூட இருந்து பார்த்தேன். முணுமுணுப்பு அடியோடு போய்விடவில்லை. ஆனால் இரண்டு பெண்கள் பேட்லாக் பழக ஆரம்பித்தார்கள்.

22 செப்டம்பர் 2024

குறிச்சித் தம்பி தனியாக எழுதியிருந்தார், இங்கே போடச் சொன்னார். நான் ஊகித்தது போலத்தான்: அவர் பயிற்சியாளராகச் சேர்ந்து மெதுவாக ஏறியவர், மற்றவர் வெளியிலிருந்து வந்தவர். கூடவே அந்த மற்றவருக்குப் புரோகிராம் போடவும் தெரியும், அந்த விஷயம் இவருக்குத் தெரியாமல் இருந்தது. மேலாளரிடம் போய் "அவருக்கு ஏன் அவ்வளவு" என்று கேட்காமல், "இந்த வேலைக்கு இன்றைக்கு நீங்கள் எடுக்கும் ரேட் என்ன, எனக்கும் அதற்கும் ஏன் வித்தியாசம்" என்று கேட்டிருக்கிறார். 1,200 ரூபாய் ஏற்றியிருக்கிறார்கள். மீதிக்குப் புரோகிராம் பழகச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லித் தருவது அந்தப் பக்கத்து மெஷின்காரர்தான். தம்பிக்கு இன்னும் கொஞ்சம் குறை இருக்கிறது. இருக்கட்டும், 1,300 ரூபாய்க்கான குறை அது.

20 அக்டோபர் 2024

தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, எல்லோரும் போனஸ் கேட்டு எழுதுகிறீர்கள். "பக்கத்துக் கம்பெனியில் கூட, எங்களுக்குக் குறைவு" என்பதே பெரும்பாலும். அதற்கு முன்னால் உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

2024-ல் நடப்பில் இருந்த போனஸ் சட்டம் 1965-ன்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 என்று இருந்தது. தொழிற்சாலைகளுக்கும், இருபது பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்த்த மற்ற இடங்களுக்கும் பொருந்தியது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கியவருக்கு உண்டு என்று இருந்தது. வருடத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே தகுதி வந்தது. மாதம் 7,000 ரூபாய் அல்லது உங்கள் வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், எது அதிகமோ அதுதான் கணக்குக்கு மேல்வரம்பாக இருந்தது. கூடுதல் நேர வேலைக்கான ஓ.டி. பணம் இதில் சேரவில்லை. பலர் கவரில் வந்த மொத்தத் தொகையை வைத்துப் பெருக்கிவிட்டு ஏமாந்தோம் என்கிறார்கள்.

ஒடிசா, பீகார்த் தொழிலாளிகளுக்கும் இதே சட்டம்தான். கான்ட்ராக்டர் மூலம் வந்தவர் என்பதால் போனஸ் இல்லை என்று யாராவது சொன்னால், இந்த விவரத்தை ஹிந்தி தெரிந்தவர் யாராவது பேப்பரில் எழுதிப் பேக்கிங் டேபிள் பக்கம் ஒட்டிவிடுங்கள். வேலை பார்த்த ஷிப்ட் கணக்குக்கு இப்போதிருந்தே சம்பளச் சீட்டை எடுத்து வையுங்கள். சீட்டு இல்லாதவர்கள் வருகைப் பதிவின் பக்கத்தைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.